நட்சத்திரம் சாதகத்தில், வானம் இருளில்

மட்டக்களப்பில் எந்த ஊரிலேனும் பத்து வயதுப் பிள்ளையொன்றை நிறுத்தி, "உன் நட்சத்திரம் எது?" என்று கேளுங்கள். "உரோகிணி" என்றோ "கேட்டை" என்றோ தயக்கமின்றி விடை வரும். பிறந்த நாள் முதல் கோயில் அருச்சனைத் தட்டோடு சேர்த்து உச்சரிக்கப்பட்டு வந்த பெயர் அது. அடுத்து, "அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது? கையை நீட்டிக் காட்டு" என்று கேளுங்கள். பிள்ளை விழிக்கும். பிள்ளையை விட்டுத் தகப்பனாரைக் கேளுங்கள், அவரும் விழிப்பார். ஆசிரியரைக் கேளுங்கள், சாதகம் கணிப்பவரையே கேளுங்கள். அவர்களுட் பெரும்பாலார் அண்ணாந்து பார்க்கமாட்டார், ஏட்டைத்தான் புரட்டுவார்.

பெயர் இருக்கிறது, பொருள் இல்லை. நட்சத்திரம் சாதகத்தில் இருக்கிறது, வானத்தில் இல்லை. இதுவே இன்றைய எமது அறிவு நிலை என்று நாம் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். மறுக்க விரும்புவோர் இன்றிரவே முற்றத்தில் இறங்கித் தம் பிள்ளைக்கு அதன் நட்சத்திரத்தைக் காட்டிவிட்டு எம்மை மறுக்கட்டும்.

வானத்தாற் பெயர் பெற்ற நாடு

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் எமது வாவியின் கிழக்குக் கரைக்கு முன்னோர் இட்ட பெயர் எழுவான்கரை; மேற்குக் கரைக்கு இட்ட பெயர் படுவான்கரை. அரசன் பெயராலோ, சாதிப் பெயராலோ, வந்தேறிய வெள்ளையன் பெயராலோ அவர்கள் தம் நாட்டைப் பிரிக்கவில்லை. ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்று வானத்தை அளவுகோலாக வைத்தே மண்ணைப் பிரித்தார்கள். இப்படித் தம் இருப்பிடத்துக்கே வானத்தாற் பெயரிட்டுக்கொண்ட மக்கள் உலகில் எத்தனை பேர்?

அவர்கள் பள்ளிக்கூடம் காணாதவர்கள். ஆயினும் களவெட்டியில் இரவிரவாகச் சூடு மிதித்தபோது எந்த வெள்ளி உச்சிக்கு வந்தால் எத்தனை மணித்தியாலம் கழிந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். பரண் மீதிருந்து பயிர் காத்தவனுக்கு விடிவெள்ளியே கடிகாரம். வாவியில் வலை போட்டவனுக்கு நிலவு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தி எழும் என்பது அனுபவ பாடம். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் எம் முஸ்லிம் சகோதரர் மாதந்தோறும் மேல்வானத்திற் பிறையைத் தேடும் வழக்கத்தை இன்றும் விடவில்லை. கண்ணாற் கண்டாலன்றி மாதம் பிறவாது என்ற அந்தக் கட்டுப்பாட்டில் விஞ்ஞானத்தின் முதல் விதியே அடங்கியிருக்கிறது.

அந்த அறிவின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று நிலவு எந்தத் திசையில் எழும் என்று கைத்தொலைபேசியைக் கேட்கின்றனர். பாட்டன் எழுத்தறியாதவன், வானம் அறிந்தவன். பேரன் எழுத்தறிந்தவன், வானம் அறியாதவன். இதற்குப் பெயர் கல்வி வளர்ச்சியா?

களவு போன இரவு

இந்த நிலைக்கு முழுப்பழியையும் மக்கள்மீது சுமத்துவது அநியாயம். 1983இலிருந்து ஒரு தலைமுறைக் காலம் மட்டக்களப்பின் இரவு எமக்குச் சொந்தமாக இருக்கவில்லை. பொழுது பட்டதும் கதவடைத்து, விளக்கணைத்து, நாய் குரைத்தால் நெஞ்சு பதைத்து வாழ்ந்தோம். வாசலுக்கு வெளியே நிற்கும் இருளில் யார் வருகிறார், யாரைக் கொண்டுபோகப் போகிறார் என்று அஞ்சியவர்களுக்கு நட்சத்திரம் பார்க்க எங்கே மனம் வரும்? பிள்ளையை மடியில் வைத்து முற்றத்திலிருந்து வானம் காட்டும் வழக்கம் அந்த ஆண்டுகளில்தான் அறுந்தது. பாட்டியிடமிருந்து தாய்க்கு வந்தது, தாயிடமிருந்து மகளுக்குப் போகவில்லை.

2009ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலக வானியல் ஆண்டாக அறிவித்தது. கலிலியோ தொலைகாட்டியை வானத்துக்குத் திருப்பி 400 ஆண்டுகள் நிறைந்தமைக்கான கொண்டாட்டம் அது. உலகத்துப் பிள்ளைகள் வியாழனையும் அதன் நிலாக்களையும் எட்டிப் பார்த்த அதே ஆண்டின் மே மாதத்திற்றான் எமது நாட்டில் போர் முடிந்தது. வன்னித் தமிழ்ப் பிள்ளைகள் அந்த ஆண்டின் இரவுகளை முட்கம்பி வேலிக்குள், கூடாரத் துணியின் கீழ்க் கழித்தார்கள். வரலாறு எம்மை எங்கே நிறுத்தி வைத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் அன்று முதல் இன்று வரை கழிந்த ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? இரவு திரும்பி வந்தது. வந்த இரவை நாம் என்ன செய்தோம்? ரியூற்றரிக்கு எழுதிக் கொடுத்தோம். பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு. அது முடிந்ததும் இன்னொரு வகுப்பு. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை எழுதும் பத்து வயதுக் குழந்தை, மின்குமிழின் கீழ்க் குந்தியிருந்து, "ஞாயிற்றுத் தொகுதியில் எத்தனை கோள்கள்?" என்ற வினாவுக்கு "எட்டு" என்று கீறிப் புள்ளி வாங்குகிறது. அதே நேரத்தில் அந்தக் கொட்டகையின் கூரைக்கு மேலே வியாழன் சுடர்விட்டுக்கொண்டு நிற்கிறது. வகுப்பு முடிந்து தகப்பனாரின் மோட்டார் சைக்கிளில் ஏறும் பிள்ளைக்கு அண்ணாந்து பார்க்கச் சொல்வார் எவருமில்லை. அண்ணாந்து பார்த்தாற் புள்ளி கிடைக்காதாம்!

வைத்தியரும் பொறியியலாளரும் கணக்காளருமான எமது படித்த பெருமக்களைக் கேட்கின்றோம்: உங்கள் பிள்ளை பரீட்சையிற் பெற்ற எட்டுக் கோள்களில் ஒன்றையேனும் கண்ணாற் கண்டதுண்டா? காணாததைக் கண்டதாக எழுதப் பழகும் பிள்ளை, நாளை எவர் எதைச் சொன்னாலும் கண்டதாக ஒப்புக்கொள்ளாதா?

செவ்வாயைக் காணாதவர் செய்யும் தீர்ப்பு

இது வெறும் பொழுதுபோக்குக் கதை, வயிற்றுக்குச் சோறு போடுமா என்று கேட்பார் உளர். அவர்களுக்கு ஒரு விடை சொல்கின்றோம்.

எமது ஊர்களில் எத்தனை வீடுகளில் "செவ்வாய்க் குற்றம்" என்ற இரண்டு சொற்களினால் பெண் பிள்ளையின் கலியாணம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போகிறது! எத்தனை தகப்பன்மார் வயல் ஈடு வைத்துப் பரிகாரம் செய்கின்றனர்! அந்தத் தீர்ப்பை வழங்கியவரும், கேட்டு ஒப்புக்கொண்டவரும், அதனாற் கண்ணீர் வடித்த தாயும் செவ்வாயை வானத்திற் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், அது எமது பூமியைப் போல் ஞாயிற்றைச் சுற்றிவரும், பூமியின் குறுக்களவிற் பாதியளவேயான, துருப்பிடித்த இரும்பு மண்ணாற் சிவந்த ஒரு கோள் என்று அறிந்திருந்தால், ஓர் ஏழைப் பெண்ணின் கழுத்தில் ஏறும் தாலியை அது அங்கிருந்து தடுத்து நிறுத்துமா என்று ஒரு முறையேனும் கேட்டிருப்பார்கள் அல்லவா?

பக்கத்து இந்தியா அனுப்பிய மங்கள்யான் கலம் 2014 செப்ரெம்பர் 24இல் செவ்வாயைச் சென்றடைந்து, 2022 வரை அதைச் சுற்றிப் படம் பிடித்தது. அந்த முயற்சியில் தமிழ் விஞ்ஞானிகளுக்கும் பங்குண்டு. தமிழன் செவ்வாயை அளந்த அதே காலத்திற் செவ்வாயைச் சாட்டித் தமிழ்ப் பெண்ணை வீட்டில் இருத்தினோம். கடவுள் நம்பிக்கையை நாம் இகழவில்லை. விரதம் இருப்பவர் இருக்கட்டும், விளக்கேற்றுபவர் ஏற்றட்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளைப் பற்றி, அதைக் கண்ணாற் பாராதவர் சொல்வதே வேதம் என்று ஒப்புக்கொள்வது பக்தியன்று, அடிமைத்தனம்.

பஞ்சாங்கச் சண்டையையும் இங்கே சொல்லவேண்டும். வாக்கியம் என்றும் திருக்கணிதம் என்றும் இரண்டு. சித்திரைப் புதுவருடம் பிறக்கும் நேரம் ஒன்றில் ஒன்றாக, மற்றதில் வேறாக இருக்கும். வீட்டுக்கு வீடு விவாதம் நடக்கும். 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், நிலத்திற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாயிருந்த வாய்பாடுகளைக்கொண்டு, அவ்வாண்டு மே 31இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்திற் பிழை சில நிமிடங்களே. அருகிருந்து கண்டு எழுதிவைத்த வாரன் எனும் வெள்ளையர் வியந்தார். ஆயினும் அக்கணக்கின் காரணம் எதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். எமது பெருமையும் சிறுமையும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. கணக்கைக் காப்பாற்றினோம், காரணத்தைக் கைவிட்டோம்.

கட்டணமில்லாப் பாடநூல்

மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. இதன் பொருள் என்னவென்று எமது பிள்ளைகளுக்கு எவரும் சொல்லவில்லை. இலண்டனில் உள்ள பிள்ளை தென்சிலுவையை ஒருபோதும் தன் வீட்டிலிருந்து காணாது. சிட்னியில் உள்ள பிள்ளை துருவ மீனைக் காணாது. எமது பிள்ளையோ இரண்டையும் காணலாம். தென்துருவத்தை ஒட்டிய சிறு வட்டம் நீங்கலாக, வானம் முழுவதும் ஓராண்டில் எமது முற்றத்துக்கு மேலாக ஊர்ந்து செல்கிறது. மே மாதத்து இரவு ஒன்பது மணிக்கு வாவிக்கரையில் நின்று வடக்கே பார்த்தால் முன்னோர் எழுமீன் என்றும் சப்தரிஷிகள் என்றும் சொன்ன கூட்டம். தெற்கே திரும்பினால் தென்சிலுவையும், அதன் அருகே ஞாயிற்றுக்கு அடுத்தபடி எமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் தொகுதியான அல்பா செந்தோரியும். அதன் ஒளி எம்மை வந்தடைய நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகும். பணக்கார நாடுகளிற் பலவற்றுக்கு வாய்க்காத இந்தச் செல்வம் எமக்கு இலவசமாக வாய்த்திருக்கிறது.

மாதங்களின் பெயரையே எடுத்துக்கொள்வோம். சித்திரை, வைகாசி, கார்த்திகை என்று பிள்ளை ஒப்புவிக்கிறது. நிறைமதி எந்த நட்சத்திரத்தை அண்டி நிற்குமோ அந்த நட்சத்திரத்தின் பெயரே மாதத்தின் பெயர் என்று யார் சொல்லிக் கொடுத்தார்? வைகாசியில் எமது கண்ணகி அம்மன் ஆலயங்களிற் சடங்கு நடந்து குளிர்த்தி பாடும் இரவுகளில், கோயில் வீதியில் நின்று மதியைப் பார்க்கும் பிள்ளை, விசாக நட்சத்திரத்தின் பக்கத்தில் அது நிற்பதைக் காணலாம். கார்த்திகை விளக்கீட்டு நாட்களில், மாரி முகில் இடங்கொடுத்தால், பொழுது படும்போதே கீழ்வானில் அறுமீன் கூட்டம் எழுவதைக் காணலாம். அந்தக் கூட்டத்தின் ஒளி ஏறக்குறைய 440 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து புறப்பட்டது. புறப்பட்ட அன்று மட்டக்களப்புக் கோட்டை இல்லை. போர்த்துக்கீசர் அதைக் கட்டியது 1628இல். கோட்டைக்கு முந்திய ஒளி இன்றுதான் எமது பிள்ளையின் கண்ணில் விழுகிறது என்று சொல்லிப் பாருங்கள். வரலாறும் விஞ்ஞானமும் ஒரே இரவில் அந்தப் பிள்ளைக்குள் நுழையும்.

விவசாயப் பெருமக்களுக்கு அவர்களுடைய காலக்கணக்கிலேயே சொல்கின்றோம். பெரும்போக அறுவடைக் காலமாகிய மாசி மாதத்தில், மாரி ஓய்ந்து வானம் வெளுக்கும். இரவு எட்டு மணிக்கு உச்சிப் பக்கம் வேடன் கூட்டம். அதிற் சிவந்து நிற்பது திருவாதிரை. சற்றுத் தெற்கே வானத்து விண்மீன்களுள் ஒளியால் முதலாவதான சிரியசு. இன்னும் தெற்கே இரண்டாவதான அகத்தியம். அதற்கும் கீழே, தென் அடிவானுக்குச் சற்று மேலே, விளக்கில்லாத வயல்வெளியில் நிற்பவனுக்கு மங்கிய வெண்முகில் போல் ஒன்று தோன்றும். அது முகிலன்று. பெரிய மகலன் முகில் என்று பெயர் பெற்ற, ஒளி 1,60,000 ஆண்டுகள் பயணஞ் செய்து வரவேண்டிய தொலைவிலுள்ள, வேறொரு விண்மீன் பேரடை. சிறுபோக அறுவடை நெருங்கும் யூலை, ஆகத்து இரவுகளிற் படுவான்கரை வயல்களுக்கு மேலே பால்வீதி தெற்கு வடக்காக ஓடும். அதன் மிகவும் தடித்த பகுதி தனுசின் பக்கம் இருக்கும். அங்கேதான், ஒளியாண்டுக் கணக்கில் 26,000 தொலைவில், எமது பேரடையின் நடுவிடம் உள்ளது. கொக்கட்டிச்சோலையிலும் வெல்லாவெளியிலும் யானைக்காவல் செய்யும் உழவன் தன் தலைக்குமேல் இருப்பது இன்னதென்று அறியாமலே அதன் கீழ் ஆயிரம் இரவு கழித்திருக்கிறான்.

விண்மீன் கூட்டம் வேறு, பேரடை வேறு என்பதை விளக்கவும் எமது வாவியே போதும். கல்லடிப் பாலத்தில் இரவு நின்று பாருங்கள். மீன்பிடித் தோணிகளின் விளக்குகள் சில, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வரிசைபோல் தோன்றும். உண்மையில் ஒரு தோணி கிட்டவும் மற்றது வெகு தூரத்திலும் நிற்கிறது. வேறோர் இடத்திலிருந்து பார்ப்பவனுக்கு அந்த வரிசை இல்லை. வேடனும் தேளும் சிங்கமும் அத்தகையவை. நாம் நிற்கும் இடம் தந்த தோற்றம். அக்கரையில் ஓர் ஊரின் விளக்குகள் முழுவதும் ஒரு மங்கிய ஒளித்திட்டாகத் தெரிகின்றனவே, அது பேரடை. அந்த விளக்குகள் உண்மையிலேயே ஓரூரைச் சேர்ந்தவை. இதை விளக்க எந்த யந்திரம் வேண்டும்? எந்த அமைச்சரின் அனுமதி வேண்டும்?

சொல் இல்லையா, மனம் இல்லையா?

"தமிழிற் சொல் இல்லை; ஆங்கிலத்திற் படித்தாற்றான் விளங்கும்" என்று சிலர் நீட்டுகின்றனர். காரைதீவில் 1892இற் பிறந்த ஒருவரின் பெயரை இவர்களுக்கு நினைவூட்டுகின்றோம். சுவாமி விபுலானந்தர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரும் அவரே. 1930களிற் சென்னையில் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1947இல் வெளிவந்த அவரது யாழ்நூல், பண்டைத் தமிழர் இசைநரம்புகளைப் பன்னிரண்டு இராசிகளின் வட்டத்தில் நிறுத்திய முறையைக் கணிதத்தோடு விளக்கியது. இசையும் எண்ணும் வானமும் ஒன்று சேரும் நூல் அது. அவர் உடல் அடங்கிய இடம் கல்லடியிற் சிவானந்த வித்தியாலய வளவில் இருக்கிறது. ஆண்டுதோறும் மாலை போடுகின்றோம், மேடை கட்டுகின்றோம், முத்தமிழ் வித்தகர் என்று முழங்குகின்றோம். அவர் விட்ட வேலையை எடுத்தோமா?

எடுக்கவில்லை என்பதற்கு ஒரு சான்று. ஒரு நூலில் "நட்சத்திர மண்டலம்" என்பது வேடனைக் குறிக்கிறது. மற்றொன்றில் அதே சொல் கோடானுகோடி ஞாயிறுகளைக் கொண்ட பேரடையைக் குறிக்கிறது. படிக்கும் பிள்ளை இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழம்புகிறது. சொல் இல்லாத குறையன்று இது. உள்ள சொற்களுள் ஒன்றைத் தெரிந்து நிலைநிறுத்த நாம் கூடிப் பேசாத குறை. மொழி உரிமைக்காக 1956 முதல் போராடிய இனம், அந்த மொழியில் வானத்துக்கு ஒரு திட்டமான சொல் வழங்கச் சோம்புமானால், வென்றெடுக்கும் உரிமையை எதிற் பயன்படுத்தப் போகிறது? பெயர்ப்பலகையில் மட்டுமா?

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய அமெரிக்க மிசன் செமினறியில் தமிழ் இளைஞர் வானியல் படித்தனர். 1848இலே கொய்சிங்ரன் எனும் மிசனறி இந்து வானியல் முறையை விளக்கும் நூலொன்றை யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். சமயம் மாற்றும் நோக்கம் அதன் பின்னால் இருந்தது என்பது மெய்யே. ஆயினும் கேட்கின்றோம்: அந்நியன் தன் நோக்கத்துக்காகத் தமிழனுக்கு வானம் காட்டிய நாட்டில், தமிழன் தன் பிள்ளைக்காக அதைக் காட்டலாகாதா?

கொழும்புக்கு மட்டும் ஒரு வானமா?

அரசாங்கத்துக்கும் சொல்லவேண்டியது உண்டு. இலங்கையின் கோள்மண்டலம் 1965இற் கொழும்பில் திறக்கப்பட்டது. யப்பான் அரசு 1996இல் நன்கொடையாகத் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்திடம் போயிற்று. இரண்டும் மேல் மாகாணத்தில். மட்டக்களப்பிலிருந்து அங்கே போக 300 கிலோமீற்றருக்கு மேல். ஒரு வகுப்புப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிச் சென்று, தங்கவைத்து, அழைத்துவர ஆகும் செலவு வவுணதீவிலோ கரடியனாற்றிலோ உள்ள பெற்றோரின் மாத வருமானத்துக்கு எட்டுமா? 2019இல் இந்நாடு ஒரு கிலோ அளவான சிறு செய்மதியொன்றை விண்ணுக்கு அனுப்பி, அதற்கு "இராவணா" என்று பெயரிட்டுப் பெருமை கொண்டாடியது. பெருமையை வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தப் பெருமையின் ஒரு துணுக்கு, தமிழில் அச்சிட்ட ஒரு வான்படமாகவேனும், கிழக்கு மாகாணத்துப் பாடசாலையின் சுவருக்கு வந்து சேரவேண்டுமென்றே சொல்கின்றோம்.

ஆனால் கொழும்பைத் திட்டிவிட்டுப் படுத்துக்கொள்வது எமது பழைய நோய். கொழும்பு தராதது தொலைகாட்டி. வானத்தை மறைத்தது கொழும்பு அன்று. அதை மறைத்தவர் நாமே.

நாம் கேட்பது

கோடிக்கணக்கிற் பணம் கேட்கவில்லை. மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா எனும் ஐந்து கல்வி வலயங்களிலும், மாதத்தில் ஓர் இரவு, அமாவாசையை அண்டிய ஒரு வெள்ளிக்கிழமை, பாடசாலை மைதானத்திற் பிள்ளைகள் பெற்றோருடன் கூடட்டும். மைதானத்து மின்விளக்கை இரண்டு மணித்தியாலம் அணைத்து வைக்கட்டும். அந்த ஓர் இரவு ரியூற்றரிகள் பூட்டிக் கிடக்கட்டும். பூட்ட மறுப்போரிடம் பெற்றோர் பிள்ளையை அனுப்பாதிருக்கட்டும். மாரியில் முகில் மூடினால் மூடட்டும். மாசி முதல் புரட்டாதி வரை வானம் எமக்கு வேண்டிய அளவு திறந்திருக்கிறது. யானைப் பயமுள்ள ஊர்களில் தகப்பன்மாரும் உடன் வரட்டும்; பிள்ளையோடு சேர்ந்து அவர்களும் படிக்கட்டும்.

ஆசிரியருக்குத் தெரியாது என்றால், 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் பல்கலைக்கழகமான எமது வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பௌதிகம் படித்தோர் இருக்கின்றனர். விடுமுறையில் ஒரு வாரம் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுப்பது அவர்களுக்கு முடியாத காரியமன்று. உள்ளூர்ச் சங்கங்கள் விளையாட்டுப் போட்டிக்கு வாங்கும் கிண்ணங்களின் விலையில், பாடசாலைக்கு ஒரு நல்ல பைனாகுலர் வாங்கலாம். கலிலியோ 1610இற் கண்ட வியாழனின் நான்கு நிலாக்களை அதை அசையாமற் பிடித்தாற் காணலாம். அந்திரமேடா பேரடையின் மங்கிய ஒளியை, 25 இலட்சம் ஆண்டுக்கு முன் புறப்பட்ட ஒளியை, அதனூடே காணலாம். மாலைகளுக்கும் வளைவுகளுக்கும் செலவிடும் அரசியல்வாதிகள் ஒரு தடவை மாலையை மறுத்து வான்படம் அச்சிட்டுக் கொடுக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுபதும் எண்பதும் தாண்டிய உழவரையும் மீனவரையும் அந்த மைதானத்துக்கு அழைத்து வந்து நாற்காலி போட்டு இருத்துங்கள். அவர்கள் எந்த வெள்ளிக்கு என்ன பெயர் சொன்னார்கள், எதைப் பார்த்து விதைத்தார்கள், எதைப் பார்த்து வலை இழுத்தார்கள் என்று பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும். அவர்கள் சொல்வதிற் சரியுமிருக்கும், பிழையுமிருக்கும். எது சரி, எது பிழை என்பதை வானத்தைப் பார்த்தே பிள்ளை தீர்க்கட்டும். அந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர். இன்னும் பத்தாண்டு பொறுத்தாற் கேட்பதற்கு ஆள் இராது.

ஏன் இத்தனை வற்புறுத்துகின்றோம் என்றால், விண்மீன் அறிந்த பிள்ளையெல்லாம் சந்திரசேகர் போல் நோபல் பரிசு பெறும் என்ற பேராசையினால் அன்று. சாதகக்காரனும், மேடைப் பேச்சாளனும், கைத்தொலைபேசியில் வதந்தி பரப்புபவனும் நாளுக்கொரு கதை சொல்லும் காலமிது. "நீ சொல்வது இருக்கட்டும், நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று நிமிர்ந்து சொல்லும் பிள்ளை எமக்கு வேண்டும். அந்தச் சொல்லைப் பழக வானத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஏனெனில் வானம் எவனுடைய கட்சியையும் சேராது. எவனுடைய இலஞ்சத்துக்கும் இடம் மாறாது.

எமது பாட்டன்மார் ஞாயிற்றைப் பார்த்துக் கரைக்குப் பெயரிட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கு நாம் விடவேண்டியது அந்தப் பெயரை மட்டுமன்று, அந்தப் பார்வையையும். அடுத்த அமாவாசைக்கு அதிக நாளில்லை. அதிபர்களே, ஆசிரியர்களே, பெற்றோரே, விளக்கை அணைத்து மைதானத்தில் இறங்க நீங்கள் ஆயத்தமா?